காற்றில் இயங்கும் இயந்திரங்கள்: பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நியூமேட்டிக் பிரஸ் ஒன்று மெதுவாக இறங்கத் தொடங்கினால், அதை இயக்குபவர் பெரும்பாலும் முதலில் செய்வது ரெகுலேட்டரின் குமிழைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவதுதான். பிரஸ் கொஞ்சம் வேகமெடுக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மெதுவாகும். குமிழ் இன்னொரு சுற்றுத் திருகப்படும். 5 கிலோ அழுத்தத்தில் ஓட வேண்டிய இயந்திரம் இப்படியே 7 கிலோவுக்கு வந்து நிற்பதைக் கோவைப் பகுதியின் சிறு பட்டறைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். அழுத்தத்தைக் கூட்டுவது பழுதை நீக்குவதில்லை, மறைக்கிறது. அடைபட்ட வடிகட்டியோ தேய்ந்த சீலோ (காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) உள்ளே அப்படியேதான் இருக்கும். காற்றில் இயங்கும் இயந்திரத்தில் பழுது தேடுவதென்றால், காற்று கம்ப்ரசரில் புறப்பட்டு வால்வின் வழியாக வெளியேறும் வரை அது போகும் பாதையிலேயே நாமும் போவதாகும். எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

விளக்கத்திற்காக ஓர் எளிய இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. உள்விட்டம் கொண்ட சிலிண்டர் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட சிறு பிரஸ். அதை இயக்க ஒற்றைக் காயிலும் (மின்கம்பிச் சுருள்) ஸ்பிரிங்கும் கொண்ட 5/2 சொலினாய்டு வால்வு, அதாவது ஐந்து வாய்களும் இரண்டு நிலைகளும் கொண்டு மின்சாரத்தால் திரும்பும் வால்வு. அதற்கு முன்னால் வடிகட்டி, ரெகுலேட்டர், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் சேர்ந்த எஃப்.ஆர்.எல். தொகுப்பு. பட்டறைப் பேச்சில் கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஒரு கிலோ எடை தரும் அழுத்தமாகும். அது ஏறத்தாழ 1 பாருக்குச் சமம். 6 பார் என்பது சுமார் 87 பி.எஸ்.ஐ. இந்தச் சிலிண்டருக்குள் 6 பார் காற்று போனால் அது தள்ளும் விசை சுமார் 120 கிலோ. ஒரு மனிதனின் கையை நசுக்க இதில் பாதி போதும் என்பதால், பாதுகாப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கை வைப்பதற்கு முன்

மின்சாரத்தை நிறுத்திவிட்டால் இயந்திரம் செத்துவிட்டது என்று நினைப்பது இத்துறையின் மிக ஆபத்தான தவறு. மின்சாரம் போன பிறகும் சிலிண்டருக்குள்ளும் குழாய்க்குள்ளும் காற்று அழுத்தத்துடனேயே அடைபட்டிருக்கும். ஆகவே வரிசை இதுதான்: பிரஸ்ஸின் ராமுக்கு (மேலும் கீழும் நகர்ந்து அழுத்தும் பாகம்) அடியில் உறுதியான மரக்கட்டையோ இரும்பு முட்டோ வைத்து அதைத் தாங்க வேண்டும், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும், இயந்திரத்திற்கு வரும் காற்றுக் குழாயின் வால்வை மூடி, அதையும் பூட்டவோ கயிற்றால் கட்டி அட்டை மாட்டவோ வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்திற்கு வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டையை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், செங்குத்துச் சிலிண்டரை மேலே பிடித்து வைத்திருப்பது அந்தக் காற்றுதான் என்பதே. காற்று வெளியேறும் கணத்தில் ராம் தன் எடையால் கீழே விழும்.

சில இயந்திரங்களில் சிலிண்டரின் வாயிலேயே காற்றைத் தடுத்து நிறுத்தும் செக் வால்வு இருக்கும். அப்படிப்பட்டவற்றில் எஃப்.ஆர்.எல். கேஜ் பூஜ்யத்தைக் காட்டினாலும் சிலிண்டருக்குள் முழு அழுத்தம் இருக்கலாம். அதைத் தனியாக வெளியேற்றிய பிறகே குழாயைத் தொட வேண்டும். காற்றுக் குழாயால் உடையைத் துடைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் முதல் நாளே விட்டுவிடுங்கள். அழுத்தக் காற்று தோலின் சிறு வெட்டு வழியாக உடலுக்குள் புகக்கூடியது. கண்ணையும் செவிப்பறையையும் நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

காற்றுக் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துப் புதியவர்கள் எங்கோ கசிவு என்று நினைப்பதுண்டு. அது நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்தே வருகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் 1 கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றைக் கம்ப்ரசர் 7 பாருக்கு அழுத்தும்போது அதன் கன அளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கிய காற்று 40 டிகிரிக்கு ஆறியதும் அதனால் தாங்க முடிந்தது 6 கிராம் அளவுதான். மிச்சம் 18 கிராம் தண்ணீராக விழுந்தே ஆக வேண்டும். நிமிடத்திற்கு 1 கன மீட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் 8 மணி நேரம் ஓடினால் 8 லிட்டருக்கும் மேல் தண்ணீர் சேரும் என்பது இந்தக் கணக்கின் விடை. இதை முதலில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் டேங்கின் அடியில் வாளியை வைத்துத் திறந்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு மறப்பதில்லை.

இந்தத் தண்ணீர் எண்ணெயுடனும் குழாயின் துருவுடனும் கலந்து பழுப்பு நிறச் சேறாக மாறி வால்வுக்குள் போகிறது. எனவே தினசரி வேலையில் முதலாவது டேங்கின் ட்ரெயின் காக்கை (அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்த் திறப்பு) திறப்பது. முழு வேகத்தில் திறந்து நொடியில் மூடுவதைவிட, மெதுவாகத் திறந்து, தண்ணீர் நின்று வெறும் காற்று வரும் வரை காத்திருந்து மூடுவது நல்லது. தானாகத் திறக்கும் ஆட்டோ ட்ரெயின் பொருத்தியிருந்தாலும் வாரம் ஒரு முறை கையால் சோதித்துப் பாருங்கள். அதன் துளை சேற்றால் அடைபட்டு, வேலை செய்வதுபோல் ஒலி மட்டும் எழுப்பிக்கொண்டிருக்கும் ட்ரெயின்களைப் பார்த்திருக்கிறேன்.

குழாய் அமைப்பிலும் கவனம் வேண்டும். மெயின் லைன் காற்று போகும் திசையில் 100 அடிக்கு 1 அடி என்ற அளவில் சரிந்து, கடைசியில் ஒரு ட்ரெயினில் முடிய வேண்டும். இயந்திரங்களுக்குப் போகும் கிளைக் குழாய்களை மெயினின் மேற்பக்கத்திலிருந்து வளைத்து இறக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் துளையிட்டு நேரே இறக்கினால், மெயினில் ஓடும் தண்ணீர் முழுவதும் முதலில் வரும் இயந்திரத்திற்கே போய்ச் சேரும். வரிசையில் ஒரே இயந்திரத்தின் வால்வு மட்டும் அடிக்கடி கெடுகிறதென்றால், அதன் கிளைக் குழாய் எங்கிருந்து இறங்குகிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

கம்ப்ரசரைப் பொறுத்தவரை, காலையில் ஓட்டுவதற்கு முன் எண்ணெய் மட்டத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். உறிஞ்சும் வடிகட்டியை வாரம் ஒரு முறை தட்டி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சிறிய பிஸ்டன் கம்ப்ரசர் அழுத்தம் நிறைந்து நிற்கும்போது பிரஷர் சுவிட்சின் பக்கத்தில் ஒரு நொடி சீறல் கேட்பது இயல்பு. அந்தச் சீறல் நிற்காமல் தொடர்ந்தால், டேங்கின் வாயில் உள்ள செக் வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. பலர் இதற்குப் பிரஷர் சுவிட்சை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

எஃப்.ஆர்.எல். சொல்வதைக் கேளுங்கள்

இயந்திரத்தின் நாடியைப் பார்க்கும் இடம் எஃப்.ஆர்.எல். தொகுப்பின் கேஜ்தான். இயந்திரம் சும்மா நிற்கும்போது 5 பார் காட்டும் முள், பிரஸ் இறங்கும்போது 4 பாருக்குச் சரிந்து மெல்ல ஏறுகிறதென்றால், தேவைப்படும் அளவு காற்று வந்து சேரவில்லை. அழுத்தம் வேறு, காற்றின் ஓட்டம் வேறு. நின்ற நிலையில் முள் சரியாகக் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுக் காற்று நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. இயந்திரம் ஓடும்போது முள்ளைக் கவனிக்க வேண்டும். அப்போது அது அரை பாருக்கு மேல் சரிந்தால், முதலில் வடிகட்டியின் எலிமென்டைக் கழற்றிப் பாருங்கள். சாதாரணப் பயன்பாட்டு எலிமென்ட் 40 மைக்ரான் அளவுத் துகள்களைத் தடுப்பது; அது பழுப்பேறிக் கிடந்தால் மாற்றுவதே சரி.

பாலிகார்பனேட்டால் ஆன தெளிந்த கிண்ணத்தை மென்மையான சோப்புத் தண்ணீரில் மட்டுமே கழுவ வேண்டும். பெட்ரோல், தின்னர், அசிடோன் ஆகியவை அந்தப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். பிறகு அழுத்தத்தில் இருக்கும்போது கிண்ணம் சிதறிவிடும். கிண்ணத்தில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

ரெகுலேட்டரில் அழுத்தத்தை அமைக்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வர வேண்டும். 5 பார் வேண்டுமென்றால், முதலில் அதற்குக் கீழே குறைத்து, பிறகு மெதுவாக ஏற்றி 5-இல் நிறுத்திக் குமிழைப் பூட்டுங்கள். மேலிருந்து குறைத்து நிறுத்தினால், உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் டயஃப்ரம் என்ற வளையும் சவ்வும் முழுமையாக அமராமல், சற்று நேரத்தில் அழுத்தம் விலகிப்போகும். குமிழின் கீழே உள்ள சிறு துளையில் காற்று இடைவிடாமல் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது வால்வு அமரும் இடத்தில் தூசு சிக்கியிருக்கலாம்.

எண்ணெய்க் கிண்ணம் பற்றி ஒரு தெளிவு தேவை. இன்று விற்கப்படும் சிலிண்டர்களிலும் வால்வுகளிலும் பெரும்பாலானவை தயாரிப்பின்போதே கிரீஸ் இடப்பட்டு, எண்ணெய் இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டவை. ஆனால் ஒருமுறை எண்ணெய் விடத் தொடங்கிவிட்டால், அந்த எண்ணெய் உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். அதன்பின் எண்ணெயை நிறுத்தவே கூடாது. எனவே பழைய இயந்திரத்தில் கிண்ணம் இருந்தால் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 தர எண்ணெயைத் தொடர்ந்து விடுங்கள்; புதிய இயந்திரத்தில் இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். கையில் கிடைத்த என்ஜின் ஆயிலை ஊற்றுவது சீல்களைக் கெடுக்கும்.

கசிவைத் தேடும் முறை

உணவு இடைவேளையில் எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும்போது பட்டறைக்குள் நடந்து பாருங்கள். அப்போது கேட்கும் ஒவ்வொரு சீறலும் மின் கட்டணம். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. துளை ஒன்றிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் காற்று வெளியேறும். அதை ஈடுகட்டக் கம்ப்ரசருக்கு 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் செலவாகும், இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

மொத்தக் கசிவை அளக்க ஒரு கடிகாரம் போதும். யாரும் காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் கம்ப்ரசரை ஓட விட்டு, அது காற்றடைக்கும் நேரத்தையும் அழுத்தம் நிறைந்து ஓய்ந்திருக்கும் நேரத்தையும் பல சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். 2 நிமிடம் அடைத்து 8 நிமிடம் ஓய்ந்தால், 10 நிமிடத்தில் 2 நிமிடம், அதாவது கம்ப்ரசர் திறனில் 20 சதவீதம் கசிவுக்கே போகிறது. 10 சதவீதத்திற்குள் வைத்திருப்பது நல்ல பராமரிப்பு. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினாலே குமிழி காட்டிக்கொடுக்கும். கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள்.

கசிவு அதிகம் இருப்பது இணைப்புகளில்தான். பி.யூ. (பாலியூரித்தேன்) டியூபைக் கத்தரியாலோ பிளேடாலோ சாய்வாக வெட்டிச் செருகினால், அழுத்திச் செருகும் வகை இணைப்பின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் அதைச் சுற்றிலும் பிடிக்காது. டியூப் கட்டரால் நேராக வெட்டி, அடி வரை செருகி, பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரைகளை விட்டுவிடுங்கள்; நுனி வரை சுற்றினால் டேப்பின் துணுக்கு பிய்ந்து நேராக வால்வுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இயந்திரம் அசையவே இல்லையென்றால்

முதலில் கேஜைப் பாருங்கள். காற்றழுத்தத்தின் உதவியோடு திரும்பும் பைலட் வகைச் சொலினாய்டு வால்வு திரும்புவதற்கே குறைந்தது 2 பார் அளவு அழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே காயில் விளக்கு எரியும், டக் என்ற ஒலியும் கேட்கும், வால்வுக்குள் நகர்ந்து காற்றின் பாதையை மாற்றும் ஸ்பூல் மட்டும் நகராது. அழுத்தம் சரியாக இருந்தால், வால்வின் உடலில் உள்ள கைப்பொத்தானைச் சிறு திருப்புளியால் அழுத்துங்கள். அதற்கு முன் பிரஸ்ஸின் அருகில் யாருடைய கையும் இல்லை என்று உரக்கக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் இந்தப் பொத்தான் இரு கைச் சுவிட்சையும் பாதுகாப்புக் கதவையும் பொருட்படுத்தாது. பொத்தானை அழுத்தியதும் சிலிண்டர் இறங்கினால் காற்றுப் பகுதி நலமாக இருக்கிறது. பழுது காயில், வயர், சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். இறங்காவிட்டால் வால்வுக்குள்ளோ சிலிண்டரிலோ தேட வேண்டும். இந்த ஒரு சோதனை வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஒரு பட்டறையில் 230 வோல்ட் ஏ.சி. காயில் ஒரே மாதத்தில் மூன்று முறை எரிந்துபோனது. மூன்று முறையும் காயிலை மாற்றி, மின்னழுத்தம் சரியில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் போனபோது காயிலைத் தொடாமல் அதன் உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சரைக் கழற்றினேன். பழுப்புச் சேறு பசைபோல் ஒட்டியிருந்தது. ஏ.சி. காயிலில் பிளஞ்சர் முழுவதும் மேலே போய் உட்கார்ந்தால்தான் மின்னோட்டம் குறையும். பாதியில் சிக்கி நின்றால் அதிக மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்து காயில் எரிந்துவிடும். எரிவதற்கு முன் அது ரீங்காரமிடும். அந்தப் பட்டறையில் உண்மையில் பழுதாகியிருந்தது டேங்கின் ட்ரெயின் காக். அதைச் சரிசெய்து பிளஞ்சரையும் சுத்தம் செய்த பிறகு காயில் எரியவில்லை.

மெதுவாகவோ துள்ளித் துள்ளியோ ஓடினால்

ஓடும்போது கேஜ் சரியாமல் இருந்தும் சிலிண்டர் மெதுவாக நகர்ந்தால், காற்று உள்ளே போவதில் அல்ல, வெளியேறுவதில் தடை இருக்கிறது. காற்றை மூடி, வால்வின் வெளியேற்று வாயில் உள்ள பித்தளைச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணிந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் சைலன்சர் அடைபட்டிருக்கிறது. அதை மாற்றினால் போதும். இவ்வளவு எளிய காரணத்துக்காகச் சிலிண்டரையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

சிலிண்டர் துள்ளித் துள்ளி நகர்வது வேறு வகை. வேகக் கட்டுப்பாட்டுத் திருகு உள்ளே வரும் காற்றை நெரிக்கிறதா, வெளியேறும் காற்றை நெரிக்கிறதா என்று பாருங்கள். இரட்டை இயக்கச் சிலிண்டருக்கு வெளியேறும் காற்றை நெரிப்பதே பொதுவாகச் சரியான முறை. அப்போது பிஸ்டனின் இரு பக்கமும் காற்று தாங்கி நிற்பதால் இயக்கம் சீராக இருக்கும். திருகுள்ள இணைப்பைத் தவறான வாயில் மாற்றிப் போட்டுவிட்டால் துள்ளல் வரும். பயணத்தின் முடிவில் டம் என்று அடித்தால், முடிவில் வேகத்தைத் தணிக்கும் குஷன் திருகு அதிகம் திறந்திருக்கிறது. அதைக் கால் சுற்றாக மூடிக்கொண்டே வந்து ஒலி அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

வெளியேற்று வாயில் காற்று நிற்காமல் வந்தால்

வால்வின் வாய்களில் 1 காற்று உள்ளே வருவது, 2-உம் 4-உம் சிலிண்டருக்குப் போவது, 3-உம் 5-உம் வெளியேற்றுபவை. இயந்திரம் நின்றிருக்கும்போதும் 3 அல்லது 5 எண் வாயில் காற்று வந்துகொண்டே இருந்தால், குற்றவாளி வால்வா, பிஸ்டன் சீலா என்று பிரித்தறிய வேண்டும். புதியவர்கள் வால்வை மாற்றுவார்கள், சீறல் தொடரும். இப்படிச் சோதியுங்கள்: ராமுக்கு அடியில் கட்டை வைத்து, மின்சாரத்தைப் பூட்டி, காற்றை வெளியேற்றுங்கள். நம் வால்வில் ஓய்வு நிலையில் 1-இலிருந்து 2 வழியாகச் சிலிண்டரின் முன்பக்கத்துக்குக் காற்று போகும். 4 எண் குழாய் 5 வழியாக வெளிக்காற்றோடு சேர்ந்திருக்கும். அந்த 4 எண் குழாயைச் சிலிண்டரின் பின்பக்க வாயிலிருந்து கழற்றி, ஓரமாகக் கட்டி வையுங்கள். இப்போது காற்றை மெதுவாகத் திறங்கள். சிலிண்டரின் திறந்த வாயில் காற்று வந்தால் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது. அங்கே வராமல், வால்வின் வெளியேற்று வாயிலோ கட்டி வைத்த குழாயிலோ வந்தால் பழுது வால்வுக்குள்ளேதான். இச்சோதனையின்போது கைப்பொத்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் கட்டிய குழாய் சாட்டைபோல் வீசும்.

சீலை மாற்றும்போது

சுத்தமான மேசை வேண்டும். பனியன் வேஸ்டால் துடைக்கும் வழக்கம் இங்கே உதவாது. அதன் நூல் பிசிறு உள்ளே தங்கி வால்வில் போய் அடைக்கும். நூல் பிரியாத துணியைப் பயன்படுத்துங்கள். பழைய சீலை எடுக்கும் முன் அதன் உதடு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணம்போல் குழிந்த பக்கம் அழுத்தம் வரும் திசையை நோக்க வேண்டும். சீலை நெம்பத் திருப்புளி கூடாது. நுனி மழுங்கிய பித்தளை அல்லது பிளாஸ்டிக் குச்சி போதும். சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவி, நகம் சிக்கும் கீறல் இருந்தால் புதிய சீல் நிலைக்காது என்று உரிமையாளரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். நியூமேட்டிக் கிரீஸை மெல்லியதாகத் தடவிச் சேர்த்து, மூடியின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

சேர்த்து முடித்ததும், சுமையோடு இணைக்காமல் பிஸ்டன் தண்டான ராடைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். தனியாகச் சீராக ஓடும் ராடு, சுமையோடு இணைத்ததும் இறுகினால், சிலிண்டரும் வழிகாட்டித் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. மாதம் ஒரு முறை ராடு சீல் போகும் இயந்திரங்களில் இதுவே பெரும்பாலும் காரணம். நேர்கோட்டைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் பயனில்லை.

மறுபடியும் காற்று விடும்போது கவனம் தேவை. காற்று முழுவதும் வெளியேறிய சிலிண்டரில், வெளியேறும் பக்கம் எதிர்த்துத் தாங்கக் காற்று இல்லாததால், வேகத்திருகு எவ்வளவு மூடியிருந்தாலும் முதல் இயக்கம் பாய்ந்து வரும். எனவே ரெகுலேட்டரைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மெயின் வால்வைத் திறந்து, அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். ராம் மேலே போய் நின்ற பிறகே கட்டையை எடுங்கள். பிறகு பத்து முறை ஓட்டி, ஓடும்போது கேஜ் எவ்வளவு சரிகிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்ற இரண்டு எண்களையும் தேதியோடு இயந்திரத்தின் மீது ஒட்டிய அட்டையில் எழுதுங்கள். அடுத்த மாதம் யாராவது வேகம் குறைந்துவிட்டது என்று ரெகுலேட்டரில் கை வைக்கும்போது, அந்த அட்டையை முதலில் பார்க்கச் சொல்லலாம்.